அடுப்பு எண்ண வந்தவர்

1993ஆம் வருஷம் மே மாதம் 26ஆம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் இரண்டு நாள் பாக்கி. வானத்தில் மேகம் பூஜ்ஜியம். அனல் நிலையப் புகைபோக்கியின் சாம்பல் அன்று எங்கள் ஊர்ப் பக்கம் வராமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. வெள்ளை வேட்டி வெள்ளையாகவே இருக்கும், கல்யாணப் பேச்சுக்கு நல்ல சகுனம் என்று பெரியம்மா சொன்னார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எங்கள் ஆட்கள் ஆறு பேர், விருந்தாளிகள் இரண்டு பேர், கேசரித் தட்டு ஒன்று, கவிழ்த்த கூடைகள் இரண்டு, கூடைக்குள் கோழிகள் மூன்று. கோழிகளோடு கூடைக்குள் வேறு என்ன இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நம் செட்டில் படித்தவர்களே, நம் எல்லோருக்கும் நாற்பத்தாறு ஆகிவிட்டது. எனக்குச் சர்க்கரை மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. முட்டிக்குத் தைலம். என் மகள் என்னைக் கிழவா என்றுதான் கூப்பிடுகிறாள்; நானும் திரும்பிப் பார்க்கிறேன். நம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். அதில் முப்பத்தொரு பேர் சுரங்கக் கம்பெனிக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். வீடு எங்கே என்று கேட்டால் பிளாக் நம்பரைச் சொல்வீர்கள். ஊர் என்று ஒன்றிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் நான் ஒருவன். என் ஊர் ஆலங்கொல்லை. அங்கே ஆலமரம் கிடையாது; தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பு வருஷத்துக்கு வருஷம் எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மத்தியானம் வெடி வைத்தால் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் தண்ணீரை இறைக்க இறைக்க எங்கள் கிணறு கீழே போய்க்கொண்டே இருந்தது. கிணற்றுக் கயிற்றை ஒட்டுப் போட்டு நீட்டியதில் வருஷத்துக்கு ஒரு முடிச்சு. என் பதிமூன்றாவது வயதில் அதில் பதினோரு முடிச்சுகள். ஆனாலும் ஊருக்குச் சோறு போட்டதும் அந்தச் சுரங்கம்தான். அப்பா, சித்தப்பா உட்பட வீட்டுக்கு ஒருவராவது அங்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார்கள். ஊரைத் தின்கிற வாயிலேயே ஊர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது.

சுரங்கத்துக்காக ஆலங்கொல்லையை எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது. பேச்சு வந்ததே தவிர, யாரும் வந்து எடுக்கவில்லை. அதனால் ஊரில் ஒரு வாக்கியம் மட்டும் நன்றாக வளர்ந்தது.

“ஓடு ஒழுவுதுங்க” என்பார் பெரியம்மா.

“எடுக்கப் போற ஊருக்கு எதுக்கு ஓடு?” என்பார் பெரியப்பா. ஒழுகும் இடத்தில் பெரியம்மா ஒரு பாத்திரம் வைப்பார். இரண்டு பாத்திரமாக ஆரம்பித்தது, ஒன்பதுவரை போயிற்று. மாரியம்மன் கோயில் மதில் அரையாள் உயரத்தில் நின்றுவிட்டது. நாவிதர் வாரம் ஒரு தரம் வருவதை மாதம் ஒரு தரமாக்கினார். எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது படித்தபோது ஒருவன் ஆசிரியரிடம், “எடுக்கப் போற ஊருக்கு எதுக்கு சார் வீட்டுப்பாடம்?” என்று கேட்டான். ஆசிரியர் யோசித்துப் பார்த்தார். பிறகு அடித்தார்.

இந்த வாக்கியத்தால் உண்மையில் அடிபட்டவர் என் சித்தப்பா. முப்பத்திரண்டு வயது. சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் ஃபிட்டர். தலையில் எண்ணெய், சைக்கிள் செயினில் எண்ணெய், இரண்டும் ஒரு நாளும் காய்ந்ததில்லை. ஆறு இடத்தில் பெண் பார்த்து ஆறு இடத்திலும் கைகூடவில்லை. பையனைப் பிடிக்கும், ஜாதகம் பொருந்தும், பலகாரம் தீரும். கடைசியில் ஊர் பெயரைக் கேட்பார்கள். “அது எடுக்கப் போற ஊராச்சே, நாளைக்கு எம் பொண்ண எந்த ஊர்ல வந்து பாக்கறது?” என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஆறு தடவையும் அவர் போட்டுக்கொண்டு போனது ஒரே சட்டை. சந்தன நிறம், பெரிய காலர். காலர் நைந்து போனதும் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தார்.

“டேய், ஏழாவதும் போச்சின்னா இந்தச் சட்டைய ஒனக்கு அளவு கொறச்சித் தச்சிக் குடுத்துடறேன். எனக்கு ராசியில்ல” என்று ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

எனக்கு அந்தச் சட்டை வேண்டாம். அதைவிட, சித்தப்பா வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது. ஏழாவதுக்குப் பிறகு எட்டாவது கிடையாது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அந்த வருஷம் தை மாதம் டீக்கடைக்காரர் மந்தாரக்குப்பம் போய் பால்பவுடர் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு சேதியும் கொண்டுவந்தார்.

“இந்தத் தடவ நெசம்தான். மொதல்ல ஆளு வந்து அடுப்ப எண்ணுவாங்களாம். ஒரு அடுப்புன்னா ஒரு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனை, ஒரு வேல. பர்மனென்ட்டு!”

“யார் சொன்னது?”

“பஸ் ஸ்டாண்டுல ஒருத்தரு பேசிகினு இருந்தாருப்பா. பேண்ட்டு போட்டிருந்தாரு.”

பேண்ட் போட்டவர் சொன்னால் போதாதா? அடுத்த மாதம் நான் மண்மேட்டில் ஏறி நின்று காலையில் புகையை எண்ணினேன். அறுபத்திரண்டு வீடு. நூற்று நாற்பத்தேழு புகை. அப்பனும் மகனும் பிரிந்தார்கள். அண்ணனும் தம்பியும் பிரிந்தார்கள். மேலத்தெருவில் ஒரு கிழவர் தன் மனைவியையே பிரித்து வைத்துத் தனி அடுப்புப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மாள் அதற்குப் பிறகு பழைய அடுப்புக்குத் திரும்பவே இல்லை. இப்போதுதான் ருசியாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு ஒரே நீளக் கூடம். பெரியப்பா இரண்டு கீற்றுத் தட்டிகளைக் குறுக்கே கட்டி மூன்று குடும்பமாக்கினார். கிழக்கே பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுடைய பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். நடுவில் அப்பா, அம்மா, நான். மேற்கே சித்தப்பா. கிணற்றுக்குப் போகும் வழி பெரியப்பா பங்கில். உரல் எங்கள் பங்கில். டீவி சித்தப்பா பங்கில், ஏனென்றால் ஆன்டெனாக் கம்பம் அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் போட்டால் நான் உரலின்மேல் ஏறித் தட்டிக்கு மேலே தலையை நீட்டிப் பார்ப்பேன்.

உலை வைத்தது ஒரு அடுப்பில்தான். சோறு தட்டிக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகும். ஆனால் புகை மூன்று இடத்தில் வர வேண்டுமே. சித்தப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. அவர் தினமும் இரண்டு வேளை வெந்நீர் சமைத்தார்.

தனிக் குடும்பம் என்றால் சண்டையும் வேண்டும் என்று டீக்கடைக்காரர் சொன்னார். அதனால் ஊருக்குள் எந்த ஜீப் வந்தாலும் அம்மாவும் பெரியம்மாவும் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். மலேரியா மருந்து அடிக்க வந்த ஜீப்புக்கு ஒரு சண்டை. கரண்ட் ஆபீஸ் ஜீப்புக்கு ஒரு சண்டை.

“ஏன்டி, எங் கொடத்த எதுக்குடி எடுத்த?”

“ஒங் கொடமா? ஒம் பேரு வெட்டியிருக்குதா அதுல? நீ மொதல்ல காட்டு!”

ஜீப் போனதும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஒரு நாள் பெரியம்மா மட்டும் கொஞ்சம் முகம் சுருங்கி, “நடிப்புதான், தெரியுது. ஆனா அந்த ‘நீ’ன்றத கொஞ்சம் கம்மி பண்ணிக்க” என்றார். பதினாறு வருஷமாக அம்மா அவரை அக்கா, வாங்க, போங்க என்றுதான் சொல்லியிருந்தார். நடிப்பில்தான் அம்மாவுக்கு ‘நீ’ கிடைத்தது. கிடைத்ததை விட அவருக்கு மனசில்லை.

மாசி மாதம் ஒரு கரண்ட் ஜீப் வந்தது. குடத்தில் ஆரம்பித்துக் கோழிக்குப் போய், கோழியிலிருந்து அம்மியைத் தாண்டி, திடீரென்று அம்மா சொன்னார்: “கல்யாணமாயி வந்த மொத மூணு வருசமும் எனக்கு அடிப்புடிச்ச சோறுதான போட்ட? மேச்சோறு ஒரு நாளு போட்டிருக்கியா?”

பெரியம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். ஜீப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து தட்டிக்கு அடியில் சோறு போகவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் பேசவில்லை. மூன்று அடுப்பும் நிஜ அடுப்பாகிவிட்டது. சித்தப்பாகூட கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார். விறகு என்ன ஆகும்? முந்திரிச் சுள்ளி தீர்ந்தது. வேலி தீர்ந்தது. ஊரில் இரவல் கேட்கவும் வழியில்லை, எல்லா வீட்டிலும் இதே கதை. பங்குனியில் பெரியப்பா கோடாலியை எடுத்துக்கொண்டு பின்கொல்லைக்குப் போனார்.

எங்களுக்குப் பலா ஏழு மரம். பண்ருட்டிச் சந்தையில் எங்கள் கொல்லைப் பழம் என்றால் தட்டிப் பார்க்காமல் வாங்குவார்கள். முதல் மரம் வாசக்காலுக்கு. தனிக் குடும்பத்துக்குத் தனி வாசல் வேண்டாமா? இரண்டாவதும் மூன்றாவதும் அடுப்புக்கு. பலாவை விறகுக்கு வெட்டுகிறவனைக் கிறுக்கன் என்றுதான் பெரியப்பாவே சொல்வார். பிஞ்சும் பாலுமாக மரம் சாய்ந்தபோது அப்பா வாயைத் திறந்தார்.

“ண்ணா, காய் இருக்குதே…”

“எடுக்கப் போற ஊர்ல காய் இன்னாடா காய்?” என்றார் பெரியப்பா. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஏழாவது இடம் வந்தது. காடாம்புலியூர் முந்திரி வியாபாரி. எடுக்கப் போகிற ஊர் என்று தெரிந்தும் அவர் எழுந்து போகவில்லை. “ஊரு போனா போவுது, குடும்பம் எப்படி? அதச் சொல்லு” என்று தரகரைக் கேட்டாராம். அவருக்கு ஒரே நிபந்தனை. அடுப்பு பிரிந்த வீட்டில் பெண் கொடுக்க மாட்டார். நேரில் வந்து பார்ப்பார்.

அடுப்பு எண்ண வருகிறவருக்கு நாங்கள் மூன்று குடும்பமாக இருக்க வேண்டும். முந்திரி வியாபாரிக்கு ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். அடுப்பு எண்ணுகிறவர் ஐந்து மாதமாக வரவில்லை, ஒரு காலைப்பொழுதில் வந்துவிடவா போகிறார் என்று அப்பா சொன்னார். அப்பாவின் வாய் ராசி எனக்குத் தெரியும். நான் பயந்தேன்.

சித்தப்பா தூது போனார். முதலில் அம்மாவிடம்.

“அண்ணி, ஒரே ஒரு காலைக்குப் பேசிகினு இருங்க. கால்ல வேணா வுழறேன்.”

“அக்கான்னு கூப்புடுவேன். அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது.”

பிறகு பெரியம்மாவிடம்.

“அவ குடுத்தா காப்பிய வாங்குவேன். குடிக்க மாட்டேன்.”

போதும் என்றார் சித்தப்பா. தட்டிகளை அவிழ்த்துச் சுவரில் சாய்த்தோம். நடுவிலும் மேற்கிலும் இருந்த அடுப்புகளை என்ன செய்வது? மண் அடுப்பு, பெயர்க்க முடியாது. பெரிய கூடைகளைக் கவிழ்த்து மூடினோம். கூடம் நடுவில் சும்மா கூடை கவிழ்ந்திருந்தால் சந்தேகம் வரும் என்று பெரியப்பா உள்ளே கோழிகளை விட்டார்.

ஆக, மே 26, காலை பத்தே முக்கால். வியாபாரியும் அவர் மனைவியும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரிக்கு முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்த விரல்கள். அந்த விரல்களால் கேசரியை நன்றாக உருட்டினார்.

“எங்க வூட்ல இருவத்திரண்டு பேரு. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. எவனாவது தனி அடுப்புன்னு வாயத் தொறந்தா அடுப்புலயே தூக்கி வெச்சிடுவேன்.”

“இங்கயும் அப்படித்தாங்க” என்றார் பெரியப்பா.

“அக்கா” என்றார் அம்மா. பெரியம்மா காப்பியை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

கூடைக்குள் கோழி கத்தியது. வியாபாரி திரும்பினார். “கோழிய வூட்டுக்குள்ளயா வெக்கிறீங்க?”

“அதுங்களுக்கும் பிரிஞ்சி இருக்கப் புடிக்காதுங்க” என்றார் சித்தப்பா. வியாபாரி சிரித்தார். ஏழாவது பழுத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. சந்தன நிறச் சட்டை என்னை விட்டு விலகிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது டீக்கடைக்காரர் தெருவில் கத்திக்கொண்டே ஓடினார். “ஜீப்பு! எண்ணற ஆளுதான்! கையில நோட்டு இருக்குது! எல்லாம் உஷார்!”

தெரு முழுக்கத் தட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பாவும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் தம்பியின் கல்யாணம். ஒரு பக்கம் மூன்று மனை, மூன்று வேலை. மூன்று பெரியது. இருவரும் எழுந்து தட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஜமுக்காளத்தின் குறுக்கே நட்டார்கள். வியாபாரி மேற்கே போனார், அவர் மனைவி நடுப்பங்கில் மாட்டிக்கொண்டார். கேசரித் தட்டு பாதி அங்கே, பாதி இங்கே. கூடைகளைத் தூக்கினோம். ஒரு கோழி டீவியின்மேல் ஏறி உட்கார்ந்தது. அம்மா அடுப்பில் சீமெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார்.

“என்னாங்க! என்னாங்க, நடுவுல என்னமோ கட்டறாங்களே!” என்று வியாபாரியின் மனைவி தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார்.

சித்தப்பாவுக்குப் பொய் வராது. அதுவும் அவசரத்தில் வரவே வராது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு அடுப்புக்கு ஒரு மனை, ஒரு வேலை. நாங்கள் ஒரே குடும்பம்தான், தட்டி வெறும் வேஷம், பேச்சு வார்த்தை இல்லாதது மட்டும் நிஜம்.

வியாபாரி கேசரிக் கையைத் தட்டியிலேயே துடைத்தார்.

“அப்ப ஒங்களுக்குன்னு தனியா ஒரு மனை?”

“ஆமாங்க.”

“வேல?”

“பர்மனென்ட்டுன்னு சொல்லிகினு இருக்காங்க.”

“கல்யாணம் ஆவாதவனுக்குக் குடுப்பானா?”

“அதான் தெரியலீங்க.”

வியாபாரி தட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “இந்தக் கட்டு பத்தாது. இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க” என்றார்.

வந்தவர் ஒல்லியான இளைஞர். தலையில் துண்டு, தோளில் பை, உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கேட்டார். மூன்று குடும்பமல்லவா, மூன்று சொம்பு நீண்டது. மனுஷர் யாரையும் விடாமல் மூன்றையும் குடித்தார்.

“சார், நாங்க மூணு குடும்பம்” என்று அப்பா ஆரம்பித்தார்.

“சரிங்க” என்றார் அவர்.

அவர் நம்பவில்லை என்று நினைத்து அப்பா அம்மாவுக்குக் கண் ஜாடை காட்டினார். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா கையில் ஆறிப்போன காப்பி. நிஜமாகவே பேசாமல் இருப்பவர்களுக்குச் சண்டை போட வரவில்லை.

வியாபாரியால் இதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வியாபாரத்தில் தராசு ஒரு பக்கம் தாழ்ந்தால் விரல் வைக்கிற பழக்கம். முன்னே வந்துவிட்டார்.

“சார், இவங்க பேசி அஞ்சி வருசம் ஆவுது! ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க மாட்டாங்க!”

“நீங்க யாருங்க?”

“நானா? நான் இவரு மாமனாரு சார்!” சித்தப்பாவின் தோளில் கையைப் போட்டார். “எம் பொண்ண இவருக்குத்தான் கட்டிக் குடுத்திருக்கேன். இது அவங்க வூடு, அது அவங்க அடுப்பு. நல்லாப் பாத்துக்குங்க. பொண்ணு தாய் வூட்டுக்கு வந்திருக்குது, அதான் இங்க இல்ல.”

எங்கள் வேலிதான் அடுப்புக்குப் போய்விட்டதே. வாசலுக்கு வெளியே முப்பது தலைகள் இருந்தன. டீக்கடைக்காரர்தான் முதலில் கத்தினார்: “எலேய், எப்பய்யா கல்யாணம் பண்ண? எங்களுக்கு ஒரு வாய் சோறு போடலியே!”

அந்த இளைஞர் சிரித்தார். “சந்தோஷமா இருங்க. மரம் எத்தன இருக்குது?”

“மரமா?” என்றார் பெரியப்பா.

“ஆமாங்க. பலா, முந்திரி, புளி, தென்ன. நஷ்டஈட்டுக்கு அதத்தான் எண்ண வந்தேன்.”

“அடுப்பு?”

“அடுப்பா? அடுப்ப எதுக்குங்க எண்ணப் போறேன்?”

மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. கூடம் முழுக்கப் புகை. எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர். அது எதனால் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவர் பின்கொல்லைக்குப் போனார். பின்னாலேயே பெரியப்பா, அப்பா, சித்தப்பா, வியாபாரி, நான். பலா நான்கு என்று எழுதினார். பிறகு மூன்று அடிக்கட்டைகளையும் பார்த்தார். கால் வைத்து ஒன்றின் அகலத்தை அளந்தார். காய்ந்த பால் செருப்பில் ஒட்டியது.

“இது நல்ல மரமா இருந்திருக்கும் போல இருக்குதே. எப்ப வெட்டுனீங்க?”

“பங்குனில.”

“எதுக்குங்க?”

“வெறகுக்கு.”

“இவ்ளோ வெறகா?”

“மூணு அடுப்பு சார்” என்றார் பெரியப்பா.

நிற்கிற மரத்தைத்தான் எண்ண முடியும் என்று அவர் மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். மற்ற வீடுகளுக்குப் போனார். அன்று சாயங்காலத்துக்குள் ஆலங்கொல்லை முழுவதும் அடிக்கட்டைகளின் பக்கத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் மூன்று நாள் கடை திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் வியாபாரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வேலை இல்லை, மனை இல்லை, தட்டி மட்டும் இருக்கிறது. அவருடைய முகத்தில் எழுந்து போகிற களை வந்துவிட்டது. ஆறு தடவை நாங்கள் பார்த்த களை. சித்தப்பா சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு, வழக்கம்போல் வாசல்வரை வழியனுப்ப எழுந்தார்.

தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வியாபாரியின் மனைவி எழுந்திருக்கவே இல்லை.

“எங்க கெளம்பறீங்க? மாப்பிள்ளன்னு ஊரே கேக்கக் கத்திட்டீங்க. பொண்ணு தாய் வூட்ல இருக்குதுன்னு வேற சொல்லிட்டீங்க. சாயந்தரத்துக்குள்ள இது காடாம்புலியூர் போயிடும். இனிமே எவன் வருவான் எம் பொண்ண கேக்க?”

“ஒரு வேகத்துல சொல்லிட்டேன்டி…”

“அந்த வேகத்துலயே தேதியயும் குறிங்க.”

வியாபாரி சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தார். கோழி டீவியிலிருந்து இறங்கியது.

“சரி” என்றார் வியாபாரி. “ஆனா ஒண்ணு. நான் சொன்ன வார்த்த பொய்யாவக் கூடாது. தனி வூடுன்னு சொல்லிட்டேன். தனி வூடாவே இருக்கட்டும். பேசாத ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல எம் பொண்ண வுட மாட்டேன்.”

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆவணியில் கல்யாணம். ஆலங்கொல்லையில் நடந்த கடைசிக் கல்யாணம் அது. மதில் பாதியில் நின்ற மாரியம்மன் கோயில் எதிரில் பந்தல். சித்தப்பா பட்டு வேட்டி, புதுச் சட்டை. பந்தல் வாசலில் மொய் எழுத ஒரு மேசை, வியாபாரியின் ஆள் ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். அப்பா மேசையைத் தாண்டி உள்ளே போனார். சொந்தத் தம்பி கல்யாணத்தில் யாராவது மொய் எழுதுவார்களா? ஒரே வீட்டுக்காரர்கள் எழுதுவதில்லை. தனிக் குடும்பம்தான் எழுதும்.

“சம்மந்தி” என்று வியாபாரி கூப்பிட்டார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டார். “அன்னிக்கு மூணு குடும்பம்னு சொன்னீங்களே?”

அப்பா நின்றார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அதில் இருந்தது பந்தல்காரருக்குக் கொடுக்க வைத்த பணம். மேசைக்கு வந்து நூற்றியொரு ரூபாய் வைத்தார். வைத்ததை எடுத்து இன்னொரு தடவை எண்ணினார்; அது பணத்துக்காக இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அன்று பணத்துக்காகத்தான் என்று நினைத்தேன்.

“ஊரு?” என்று கேட்டார் எழுதுகிறவர்.

“இதே ஊருதான்யா. ஆலங்கொல்லை.”

பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டவர்கள் வீட்டுப் பெண்கள். பெரியம்மா சோற்றுத் தவலையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலாக இருந்த வெள்ளைச் சோற்றை அம்மா இலையில் போட்டார். இன்னும் போட்டார். அம்மா போதும் என்று கைகாட்டியும் போட்டார். பிறகு அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டித் தன் இலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ரசம் வேணுமா?” என்றார்.

“நீங்க ஊத்திக்குங்க அக்கா” என்றார் அம்மா.

அதற்கு மறு வருஷம் ஊரை எடுத்தேவிட்டார்கள். புதுக் குடியிருப்பில் மனை கிடைத்தது, மூன்று பேருக்கும் மூன்று தெருவில். எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடுப்பை மட்டும் கடைசிவரை யாரும் எண்ணவில்லை. அம்மாவும் பெரியம்மாவும் தெரு தாண்டிப் போய்க் குழம்பு கொடுத்துக்கொண்டார்கள். முன்பு தட்டிக்கு அடியில் போன குழம்பு இப்போது இருநூறு தப்படி நடந்து போனது. போய்ச் சேரும்போது ஆறியிருக்கும். சித்தப்பா கான்ட்ராக்டாகவே இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார், “பர்மனென்ட்டு எப்ப மாப்ள?” என்று கேட்பார். “ஒங்க பொண்ணு பர்மனென்ட்டா இருக்குதுங்களே, போதாதா?” என்பார் சித்தப்பா. சந்தன நிறச் சட்டையைச் சித்தி நாலாகக் கிழித்து, சூடான பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக வைத்துக்கொண்டார். ஏழு வருஷம் உழைத்தது. ராசியில்லாத சட்டை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இப்போது ஆலங்கொல்லை இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். பதினோரு முடிச்சுக் கயிறு போட்டு நாங்கள் தேடிய தண்ணீர் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது.

பெரியப்பா இல்லை, அப்பா இல்லை. சித்தப்பா மகளின் கல்யாணம் போன ஆவணியில் பண்ருட்டியில் நடந்தது. மண்டபம், ஏசி, வாசலில் மொய் எழுத ஒரு பையன், அவன் முன்னால் கம்ப்யூட்டர். ஊரைத் தட்டினால் வரிசையாகப் பெயர் வரும், அமுக்கினால் போதும். நான் ஊரைச் சொன்னேன். அவன் தட்டினான்.

“அப்படி ஒரு ஊரு வரலியே சார். இப்ப இருக்கற ஊரச் சொல்லுங்க.”

“வராது தம்பி. நீயே அடி.”

“எதுக்கு சார், பக்கத்துல இருக்கற எதையாவது போட்டுடறேன்.”

எனக்குப் பின்னால் பதினான்கு பேர் நின்றார்கள். முட்டி வலித்தது. நான் நகரவில்லை. மேடையிலிருந்து சித்தப்பா பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அறுபத்து நாலு வயதிலும் தலையில் எண்ணெய். என்ன தகராறு என்று கேட்டார். சொன்னேன்.

“அடிப்பா, அவன் சொல்றத அடி” என்றார் பையனிடம். “அந்த ஊரு பேர கேட்டு ஆறு பேரு எழுந்து போனானுங்க. நீயாவது உக்காந்து அடி.”

பையன் ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். சீட்டு வெளியே வந்தது. ஆலங்கொல்லை என்று சரியாக இருந்தது. ஐயாயிரத்தியொரு ரூபாய். அப்பா அன்று கொடுத்த நூற்றியொன்றையும் சேர்த்தால், மொத்தம் ஐயாயிரத்து நூற்றிரண்டு.